பவளத்தின் உருவத்தை வைத்து அதன் பெயரைச் சொல்லிவிட முடியுமா?

தேவனாம்பட்டினத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தாத்தா பல வருடங்களுக்கு முன்பு ராமேஸ்வரம் போனபோது வாங்கிவந்த வெள்ளைப் பவளங்கள் நான்கு வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவற்றோடு உங்கள் மகள் தாழங்குடா கடற்கரையில் பொறுக்கிவந்த, ஒரு ரூபாய் நாணய அளவிலான துண்டு ஒன்று. பள்ளிக் கண்காட்சிக்காக ஐந்துக்கும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்கிறீர்கள். இணையப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, கிளைவிட்டிருப்பது அக்ரோபோரா செர்விகார்னிஸ் என்றும், மூளை போலிருப்பது டிப்ளோரியா என்றும் நீங்களே ஒரு முடிவுக்கு வந்து, சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் அடங்கியிருக்கும் உண்மையான கேள்வி, உருவம் ஒத்துப்போனால் இனமும் அதுவே என்று சொல்லலாமா என்பது. பெரும்பாலும் சொல்ல முடியாது. ஆனால் பவளத்தின் மேலுள்ள சின்னச் சின்னக் கிண்ணங்களைப் பார்க்கத் தெரிந்தால், பேரினம் வரை தைரியமாகச் சொல்லலாம். சிற்றினம் என்பது அதற்கு அடுத்த படி, அந்தப் படி எல்லா நேரமும் கைக்கு எட்டாது.

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன். அப்புறம் பல ஆண்டுகள் மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகளில் வேலை பார்த்தேன். இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். கீழே எழுதுவது அந்தப் பழக்கத்தில் வந்தது.

முதலில் நீங்கள் வைத்த இரண்டு பெயர்களையும் எடுத்துவிடுங்கள். அக்ரோபோரா செர்விகார்னிஸும் டிப்ளோரியாவும் கரீபியன் பக்கத்து அட்லாண்டிக் கடலில் வாழ்பவை. மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ அந்தமானிலோ அவை கிடையாது. இணையத்தில் படங்கள் அதிகம் இருப்பது கரீபியன் பவளங்களுக்கு, அதனால் படத்தை வைத்துத் தேடினால் முதலில் வந்து நிற்பவையும் அவைதான். பவளம் எந்தக் கடலைச் சேர்ந்தது என்று தெரிந்தாலே பாதிப் பெயர்கள் பட்டியலிலிருந்து போய்விடும். மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகைக் கல்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. உலகத்தில் உள்ள எல்லாப் பவளங்களோடும் ஒப்பிடுவதைவிட இந்த 117-லிருந்து தொடங்குவது நல்லது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ராமேஸ்வரம் கடையில் விற்றது என்பதால் ராமேஸ்வரத்துக் கடலில் எடுத்தது என்று ஆகிவிடாது. அந்தக் காலத்தில் அந்தமானிலிருந்து வந்த சரக்காகவும் இருக்கலாம். எங்கே வாங்கியது என்பதை அட்டையில் எழுதுங்கள், எங்கே வளர்ந்தது என்று எழுதாதீர்கள்.

உருவத்தை நம்பக் கூடாது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பவளக் கூட்டம், அதாவது பல சிறு உயிரிகள் சேர்ந்து கட்டிய ஒரே பவளம், வளரும் இடத்துக்குத் தகுந்தபடி வடிவம் எடுக்கும். அலை மோதும் இடத்தில் ஒரே இனம் குட்டையாக, தடித்த கிளைகளோடு வளரும். அமைதியான நீரில் மெலிந்து நீளும். வெளிச்சம் குறைந்த ஆழத்தில், கிடைக்கிற ஒளியை வாங்க அகலமாகத் தட்டுப்போல விரியும். டர்பினேரியா மெசென்டெரினா என்ற பவளத்தை ஆழம் மாற்றி நட்டுப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. ஆழமில்லாத இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டும், ஆழத்தில் தட்டையாகவும் வளர்ந்த அதே இனம், இடம் மாறியதும் புது இடத்துக்கு ஏற்ற வடிவத்துக்குத் திரும்பியது. ஆகவே ஒட்டுமொத்த உருவம் அது வாழ்ந்த இடத்தைப் பற்றி நிறையச் சொல்லும், எந்த இனம் என்பதைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும்.

இதில் நிபுணர்களே வழிதவறியிருக்கிறார்கள். மூளை வடிவம், தேன்கூட்டு வடிவம் கொண்ட பவளங்கள் அட்லாண்டிக்கிலும் உண்டு, நம் பக்கத்திலும் உண்டு. எலும்புக்கூட்டின் ஒற்றுமையைப் பார்த்து இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 2004-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, அட்லாண்டிக் பவளங்கள் பல தங்களுக்குள்தான் நெருங்கிய உறவு, நம் பக்கத்துச் சாயல்காரர்களோடு அவற்றுக்கு வெகு தூரத்து உறவுதான் என்று காட்டியது. அதன் தொடர்ச்சியாக, இந்தியப் பட்டியல்களில் நெடுங்காலமாக ஃபேவியா என்று இருந்தவை இன்று டிப்சாஸ்ட்ரியா ஆகிவிட்டன. சிம்பில்லியா என்று நாங்கள் படித்தது லோபோபில்லியாவுக்குள் போய்விட்டது. பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் புதிய இணையதளத்தில் வேறு பெயரும் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே பவளமாக இருக்கலாம்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். அலமாரியில் இருக்கும் அந்த வெள்ளைக் கல், பாலிப் என்ற மெல்லுடல் உயிரிகள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டியது. ஒவ்வொரு பாலிப்பும் உட்கார்ந்திருந்த இடம் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் சுவரிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் நீளும். கல்பவளங்களில் இந்தத் தகடுகள் ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று ஆறின் மடங்கில் அடுக்கடுக்காக முளைக்கும். நடுவில் பல இனங்களில் ஒரு தண்டு இருக்கும், சிலவற்றில் பஞ்சு போல, சிலவற்றில் தகடு போல, சிலவற்றில் ஒன்றுமே இல்லாமல். கிண்ணத்தின் அகலம், சுவர் பொதுவா தனியா, தகடுகளின் விளிம்பில் பல் இருக்கிறதா, நடுத்தண்டு எப்படி, இரண்டு கிண்ணத்துக்கு இடையே உள்ள பரப்பு வழவழப்பா சொரசொரப்பா: பெயர் சொல்பவர் பார்ப்பது இவற்றைத்தான். நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும், வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

உங்கள் கிளைப் பவளத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது அக்ரோபோரா. கிளையின் நுனியில் ஒரே ஒரு வட்டக் குழாய், அதைச் சுற்றிப் பக்கவாட்டில் அதைவிடச் சிறிய கிண்ணங்கள் என்று உங்கள் படத்திலேயே தெரிகிறது. நுனிக் கிண்ணத்தை முன்னால் விட்டு, மற்றவற்றைப் பக்கத்தில் அரும்பவிட்டு வளரும் இந்த முறை அக்ரோபோராவின் அடையாளம். பொசிலோபோராவும் கிளைவிடும், ஆனால் அதன் கிளை முழுக்கச் சிறுசிறு புடைப்புகள் இருக்கும், அந்தப் புடைப்புகளின் மேலும் கிண்ணங்கள் இருக்கும், நுனிக்குழாய் இருக்காது. இதுவரை உறுதி. எந்த அக்ரோபோரா என்று கேட்டால், உங்களிடம் இருப்பது ஒடிந்த ஒரு கிளை. இந்தப் பேரினத்தில் மட்டும் நான் முன்பு சொன்னதற்குக் கொஞ்சம் மாறாக, கூட்டத்தின் முழு உருவமும் வேண்டும். மேஜை போல விரிந்ததா, புதராக நின்றதா, மான்கொம்பாக நீண்டதா என்று தெரியாமல் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஊகமாகவே முடியும். பக்கக் கிண்ணங்களின் வாய் வட்டமா, ஒரு பக்கம் உதடு நீண்டதா என்று அருகிலிருந்து படம் எடுத்தால் பட்டியலைச் சுருக்கலாம். மான்கொம்பு போன்ற கிளையை மன்னார் வளைகுடாப் பட்டியல்களில் அக்ரோபோரா ஃபார்மோசா என்று பார்ப்பீர்கள். அதன் இன்றைய பெயர் அக்ரோபோரா மியூரிகேட்டா. உங்களுடையது அதுதான் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

மூளை போன்ற உருண்டை கொஞ்சம் சுவாரஸ்யமானது. பள்ளத்தாக்குகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன, அதாவது பல பாலிப்கள் தங்களுக்கிடையே சுவர் வைக்காமல் ஒரே வாய்க்காலில் வரிசையாக இருந்திருக்கின்றன. நம் கடலில் இப்படி வருவதில் முதலில் நினைக்க வேண்டியவை பிளாட்டிகைராவும் லெப்டோரியாவும். இரண்டையும் ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தால் பிரிக்கவே முடியாது. லென்ஸை வாய்க்காலின் அடித்தரைக்குக் கொண்டுபோங்கள். அங்கே நடுவாக, நீளவாக்கில், மெல்லிய செங்குத்துத் தகடு ஒன்று துண்டு துண்டாக ஓடினால், இருபுறத் தகடுகளும் ஏணிப்படி மாதிரி ஒரே சீராக இருந்தால், அது லெப்டோரியா. அடித்தரை பஞ்சு போலச் சிக்கலாக இருந்து, தகடுகளின் விளிம்பு கரடுமுரடாகப் பல் காட்டினால் பிளாட்டிகைரா. உங்கள் படத்தில் சுவர்களின் மேல்விளிம்பில் தகடுகள் ஒழுங்கில்லாமல் துருத்தி நிற்பது தெரிகிறது, அதனால் பிளாட்டிகைரா பக்கம் சாய்கிறேன். ஆனால் அடித்தரை நிழலில் இருக்கிறது, எனவே இது சாய்வு மட்டுமே. பிளாட்டிகைராதான் என்று உறுதியானாலும் சிற்றினத்துக்குப் போக வேண்டாம். சுவர் தடிமன், பள்ளத்தாக்கின் நீளம் இவற்றை வைத்து டீடேலியா, லாமெல்லினா, சினென்சிஸ் என்று பிரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தப் பிரிவுகளை மரபணு கொண்டு சோதித்தபோது அவற்றுக்கிடையே தெளிவான எல்லை தென்படவில்லை. அப்படியிருக்க, அலமாரியில் தூசு படிந்த ஒரு துண்டை வைத்து நாம் பிரிப்பது நியாயமில்லை.

மூன்றாவது, தேன்கூடு மாதிரி இருப்பது. இதில் முதலில் சுவரைப் பாருங்கள். புதுச்சேரியின் பழைய தெருக்களில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர் நிற்குமே, அப்படி இரண்டு கிண்ணங்கள் ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டால் ஃபேவைட்ஸ் அல்லது கோனியாஸ்ட்ரியா. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தன் சுவர், நடுவில் சின்னச் சந்து என்றிருந்தால் டிப்சாஸ்ட்ரியா. உங்கள் துண்டில் மேற்பகுதியில் சுவர் பொதுவாகத் தெரிகிறது, ஓரத்தில் சந்து விழுந்திருக்கிறது. இது அடிக்கடி நடக்கும். உருண்டையின் உச்சியில் நெருக்கம், ஓரத்தில் இடைவெளி என்று ஒரே கூட்டத்திலேயே இரண்டும் வரும், ஆகவே ஓரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பான்மை பொதுச்சுவர் என்பதால் டிப்சாஸ்ட்ரியாவை ஒதுக்கலாம். மீதி இரண்டில், கிண்ணத்தின் நடுத்தண்டைச் சுற்றி, தகடுகளின் உள்முனையில் சிறு மேடுகள் ஒரு வளையமாக எழுந்திருந்தால் கோனியாஸ்ட்ரியா. அந்த வளையம் தேய்ந்தோ இல்லாமலோ, தகடுகள் சமமில்லாமல் இருந்தால் ஃபேவைட்ஸ். நீங்கள் அனுப்பிய படத்தில் கிண்ணங்களுக்குள் அழுக்கு அடைந்திருக்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உலர்வாகவே மெதுவாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். நாம் பார்க்க வேண்டிய மெல்லிய பற்களைத்தான் ஆசிட் முதலில் தின்னும்.

நான்காவது, கனமான, கிட்டத்தட்ட வழவழப்பாகத் தெரியும் கட்டி. மேலெல்லாம் ஊசிக் குத்து மாதிரிப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இது போரைட்டீஸ் என்று நம்புகிறேன். மாண்டிபோராவுக்கும் இதே அளவு சிறிய கிண்ணம்தான், ஆனால் அதில் கிண்ணங்கள் இடைவெளி விட்டுப் பதிந்திருக்கும், நடுவே உள்ள பரப்பில் சிறு முட்களோ மொட்டுகளோ எழுந்து நிற்கும். போரைட்டீஸில் கிண்ணங்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இதன் சிற்றினங்களைப் பிரிக்கும் விதத்தை ஒருமுறையாவது லென்ஸில் பார்த்துவிடுங்கள், அவ்வளவு அழகு. அந்த ஒரு மில்லிமீட்டர் கிண்ணத்துக்குள் பன்னிரண்டு தகடுகள். அவற்றில் ஒரு பக்கம் மூன்று தகடுகள் சேர்ந்து ஒரு தொகுதி. அந்த மூன்றின் உள்முனைகளும் ஒன்றாக இணைந்திருந்தால் போரைட்டீஸ் லூட்டியா, தனித்தனியாக நின்றால் போரைட்டீஸ் லோபேட்டா என்பது வழக்கமான பிரிப்பு. பத்து மடங்கு லென்ஸில் இது கண்ணுக்குத் தட்டுப்படும், ஆனால் தீர்மானிக்க நுண்ணோக்கி வேண்டும், அதுவும் ஒரே கட்டியில் பல கிண்ணங்களைப் பார்த்த பிறகுதான். இவ்வகை உருண்டைப் போரைட்டீஸ் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் கட்டியின் உயரத்தை அளந்து பார்த்தால், தாத்தா வாங்குவதற்கு முன் அது கடலில் எத்தனை வருடம் இருந்திருக்கும் என்று மகளே ஒரு தோராயக் கணக்குப் போடலாம்.

இனி தாழங்குடாவில் கிடைத்தது. நீங்கள் இதைக் கடைசியில், தயக்கத்தோடு சேர்த்திருந்தீர்கள். ஐந்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். கடலூர், புதுச்சேரிக் கரையில் பவளப்பாறை கிடையாது. தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல், மணலாகவே கிடக்கும் அடித்தரை, கலங்கிய நீர் இவை பாறை கட்டும் பவளங்களுக்கு ஒத்துவராது. அதனால் நம் கரையில் பவளம் போலக் கிடைக்கும் பல துண்டுகள் பவளமாக இருப்பதில்லை. குழாய்ப் புழுக்களின் கூட்டமாகவோ, கொட்டலசிக் கொத்தாகவோ, சுண்ணாம்புப் பாசியாகவோ இருக்கும். சில சமயம் எரிமலை நுரைக்கல்லாகவும் இருக்கும், அது தண்ணீரில் மிதக்கும் என்பதால் எளிதில் தெரிந்துவிடும். கதிர் போலத் தகடுகள் இருக்கின்றனவா என்பதே முதல் சோதனை. உங்கள் துண்டில் மேலே தெளிவாக இருக்கின்றன. அடிப்பக்கம் தட்டை, அதில் ஒரு வட்டத் துளை. துளை உடைந்ததால் வந்தது போல இல்லை, விளிம்பு மழுங்கி ஒழுங்காக இருக்கிறது.

பாறையில் ஒட்டாமல், மணலிலும் சேற்றிலும் தனியாக வாழும் பவளங்கள் உண்டு. இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் பரவலாக உள்ள ஹெட்டிரோசயாத்தஸ், ஹெட்டிரோப்சாமியா இரண்டும் அப்படிப்பட்டவை. இவற்றின் குஞ்சுப் பருவம் ஒரு சிறு நத்தை ஓட்டின் மேல் அமரும். அந்த ஓட்டுக்குள் ஏற்கெனவே ஒரு வகைக் கடற்புழு குடியிருக்கும். பவளம் வளர்ந்து ஓட்டையே மூடிவிடும், ஆனால் புழுவுக்கு ஒரு வழி விட்டுவைக்கும். அந்த வழிதான் அடியிலுள்ள துளை. புழு நகரும்போது பவளத்தையும் இழுத்துக்கொண்டு போகும், மணலில் புதைந்தால் மேலே கொண்டுவரும், கவிழ்ந்தால் நிமிர்த்தும். 2017-இல் ஜப்பானில், புழுவின் இடத்தில் ஒரு துறவி நண்டு குடியிருந்து அதே வேலையைச் செய்வதையும் கண்டுபிடித்தார்கள். மணல் தரையில் பவளம் பிழைக்க ஒரு கூட்டாளி வேண்டும், நம் கரையோ முழுக்க மணல் தரை. எனவே இது ராமேஸ்வரத்திலிருந்து யாரோ கொண்டுவந்து போட்டதாக இல்லாமல், நம் கடலிலேயே வாழ்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டில் எது என்பதற்குப் பக்கச் சுவரைப் பாருங்கள். சுவர் கெட்டியாக, மேலிருந்து கீழே வரிவரியாக மேடுகள் ஓடினால் ஹெட்டிரோசயாத்தஸ். சுவரே பொடித்துளைகளோடு மணல்மணலாக இருந்து, கிண்ணம் நீள்வட்டமாகவோ எட்டு போலவோ இருந்தால் ஹெட்டிரோப்சாமியா. அலையில் உருண்டு தேய்ந்திருப்பதால் படத்தில் சுவர் பிடிபடவில்லை. துளைக்குப் பக்கத்தில், மணல் உரசாத உட்குழிவில் பார்த்தால் தெரியக்கூடும்.

கண்காட்சி என்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. விற்பதும் வாங்குவதும் கடலிலிருந்து எடுப்பதும் குற்றம். தாத்தா வாங்கிய காலம் வேறு. ஆனாலும் பொருட்களைப் பள்ளிக்கு எடுத்துச் செல்வதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், சட்டத்தில் நான் தேர்ந்தவன் இல்லை. பெரிதாக அச்சிட்ட நெருக்கப் படங்களை மட்டும் வைப்பது இன்னும் நல்லது, கிண்ணங்கள் அதில்தான் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு. மிஞ்சியதை 1998, 2010, 2016 ஆண்டுகளின் வெப்பம் வெளுக்க வைத்தது. அங்கே வேலை பார்த்தவன் என்ற முறையில், ஒரு துண்டுகூட இனி அலமாரிக்கு வரக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

அட்டைகளில் இப்போதைக்கு இப்படி எழுதலாம். கிளைக்கு, அக்ரோபோரா, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை. உருண்டைக்கு, பிளாட்டிகைராவாக இருக்கலாம். தேன்கூட்டுக்கு, ஃபேவைட்ஸ் அல்லது கோனியாஸ்ட்ரியா. கட்டிக்கு, போரைட்டீஸ். தாழங்குடாத் துண்டுக்கு, மணலில் வாழும் தனிப்பவளம், கிடைத்த இடம், கிடைத்த தேதி. அருங்காட்சியக அட்டைகளிலும் இப்படித்தான் எழுதுவார்கள், பேரினத்தோடு நிறுத்திவிட்ட மாதிரிகள் அங்கே ஏராளம். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது துண்டுகளுக்கு மட்டும் புதுப் படங்கள் அனுப்புங்கள். காலை வெயிலில் ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் தகடுகள் எல்லாம் வெள்ளையில் கரைந்துவிடும். பக்கத்தில் ஸ்கேல் ஒன்று இருக்கட்டும். போன் கேமராவின் முன்னால் லென்ஸைப் பிடித்து, மூன்று நான்கு கிண்ணங்கள் மட்டும் படம் முழுக்க நிறையும்படி எடுத்தால் போதும்.